காந்தம் விழுந்த இடம்

நூலில் கட்டிய காந்தத்தை இன்ஜின் மீது மெல்ல இழுத்துக்கொண்டே போகிறார் கமலக்கண்ணன். இரும்பு என்றால் காந்தம் ஒட்டும். விரிசலைப் பசை வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தால் நழுவி விழும். பக்கத்தில் யாராவது இருமினால் நிறுத்தி, இருமியவரை ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் தொடர்வார்.

புதுச்சேரியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் மாற்று இன்ஜின் வாங்கும் முன் ரெட்டியார்பாளையத்துக்கு வந்து இவரைத்தான் கூட்டிப்போகிறார்கள். ஐம்பத்திரண்டு வயது. மொபெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்த பிறகு, பிளக் ஒயரையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பால் பொங்குவதைக் கண்ணால் பார்க்காமல் டீ சொல்ல மாட்டார். அவரைப் பற்றி எழுத நான் நோட்டை எடுத்ததும், "என்னா எழுதறீங்க? காட்டுங்க" என்று வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுக்கும் முன் பின்னட்டையையும் புரட்டிப் பார்த்தார். எனக்கு மனுஷனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பதினாறு வயதில் ஜாக்கி நழுவி நசுங்கிய இடக்கைக் கட்டைவிரல், நுனியில் இரண்டாகப் பிளந்தபடியே ஆறியிருக்கிறது. யோசனை வந்தால் அதைத் தேய்ப்பார்.

பளபளப்பு அவருக்கு ஆகாது. "அழுக்கா வந்தா நம்பலாங்க. குளிச்சிட்டு, பவுடர் போட்டுக்கினு வந்து நிக்கிது பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும்." இத்தனை தில்லுமுல்லும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அத்த மட்டும் கேக்காதீங்க" என்று எழுந்து போய்விட்டார்.

உப்பளம் வட்டாரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஏஸ்தெல் அம்மாள், பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அவர் ஓட்டக் கற்றதே அதில்தான். இன்ஜின் செத்து நான்கு வருடம் ஆகிறது. காரில் பாதிப் பங்கு பாரிசில் இருக்கும் தம்பி அலெக்சிக்கு. சனிக்கிழமை வருகிறான். "நான் வர்றப்ப ஓடலன்னா வித்துடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டான். இங்கேயோ கமலக்கண்ணன் இந்தக் காருக்குப் பார்த்த மூன்று இன்ஜின்களையும் வேண்டாம் என்று தள்ளியிருந்தார்.

நான்காவதைப் பார்க்கப் புதன்கிழமை பிள்ளைச்சாவடிப் பக்கம் போனோம். விற்பவர் செல்வகுமார், ஷெட் நடுவே ஒரு மரப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே நீல பெயிண்ட் மின்ன உட்கார்ந்திருந்தது இன்ஜின். "பிரான்ஸ்லேந்து நேரா வந்தது மதாம். அங்கியே பிரிச்சி, எல்லாம் புதுசா மாட்டி அனுப்பினது. நாளைக்கே வண்டியில எறக்கிடலாம்."

கமலக்கண்ணன் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. பலகையை முகர்ந்தார். "மாம்பலகை. பிரான்ஸ்ல மாமரம் இருக்குதா மதாம்?"

"மோன் தியே! கடவுளே, பலகையவா கார்ல மாட்டப் போறோம்? நீங்க எதுக்குத்தான் சரின்னு சொல்லியிருக்கீங்க?" என்றார் ஏஸ்தெல் அம்மாள். நானும் அவர் கட்சிதான். எனக்கும் எரிச்சலாக இருந்தது.

காந்தம் வழக்கம்போல ஊர்ந்தது. இன்ஜினின் இடுப்பருகே வந்ததும் பொத்தென்று விழுந்தது. பிளேடால் பெயிண்டைச் சுரண்டினார். சாம்பல் நிறப் பசை. அதை யாரோ விரலால் வழித்துச் சமன்செய்த தடம், விரல் நீளத்துக்கு. தடத்தின் நடுவில் மெல்லிய வரப்பு ஒன்று எழுந்து ஓடியது.

அவர் கை நின்றுவிட்டது. "இது வேணாம் மதாம்" என்றார். குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை.

செல்வகுமார் சிரித்தார். "பழைய இரும்புல இதெல்லாம் சகஜம் சார். நல்லா ஓடும்."

"நீங்க வண்டிய வரச் சொல்லுங்க, செல்வகுமார். ஏத்திடலாம்" என்றார் ஏஸ்தெல் அம்மாள். கமலக்கண்ணன் பக்கம் திரும்பவும் இல்லை.

"ஓடும் மதாம். நாப்பது கிலோமீட்டர் ஓடும். அப்பறம் பசை விட்டுடும், தண்ணி ஒழுகி, கொதிச்சி நின்னுடும்."

"கிலோமீட்டர் கணக்கு வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஏஸ்தெல் அம்மாள்.

கமலக்கண்ணன் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "இருவத்தாறு வருஷம் முன்னாடி உப்பளத்துல ஒரு ஷெட்டுல வேல பாத்துக்கினு இருந்தேன் மதாம்..."

இடக்கையை நீட்டி, பிளந்த கட்டைவிரலை அந்தத் தடத்தின் மேல் வைத்தார். வரப்பு, பிளவுக்குள் சரியாக உட்கார்ந்தது. ஏஸ்தெல் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.