சாம்பல் தேய்த்த தவளைகள்

கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. திண்டிவனத்திலிருந்து நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது, உட்கார்ந்து போக மனம் வரவில்லை. தவளை பிடிக்கும் ஈரச்சாக்கு இன்னும் என் தோளில் கிடந்தது.

நான் விட்டு வந்தது ஒரு விஞ்ஞானி அம்மாவிடம் பார்த்த வேலையை. உயிர்வேதியியல் படித்தவர். தவளை கிடைக்குமென்று திண்டிவனத்தில் இரண்டு அறை எடுத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சேற்றிலேயே கிடக்கும் தவளைக்குப் புண் வந்தால் ஏன் சீழ் பிடிப்பதில்லை என்பது அவர் கேள்வி. அதன் தோலில் ஊறும் வழவழப்பில் கிருமியைக் கொல்லும் பெப்டைடு, அதாவது புரதத்தின் சிறு துண்டு, இருப்பதாக நம்பினார். பன்னிரண்டு வருடம் இதற்கே போயிருந்தது. எட்டாவதோடு நின்ற என்னிடம் "மருந்துக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் கடைசி நாளில்தான் தெரிந்தது.

முதல் நாள் நான் கொண்டுவந்த தவளைகளின் வழவழப்பு பட்ட இடத்தில், தட்டில் வளர்ந்திருந்த கிருமி செத்து வட்டமாகத் தெளிந்தது. அம்மா தன் கையால் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். பணம் தரும் அலுவலகம் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னது. அதன்பிறகு மூன்று மாதம் எந்தத் தட்டிலும் வட்டம் விழவில்லை. முதல் முடிவே தவறு என்று அம்மாவே எழுதி அனுப்பினார். அறையைக் காலி செய்யச் சொல்லிப் பதில் வந்தது.

மறுநாள் காலை கிணற்றடியில் என்னைப் பார்த்தார்.

"என்னப்பா பண்றே?"

"தவளைய சாம்பல் போட்டுத் தேய்ச்சிக்கினு இருக்கேம்மா. அழுக்கோட எப்படி உங்க கையில குடுக்கறது?"

"எப்பலேருந்து?"

"எப்பவுமேதாம்மா. மொத நாளு மட்டும் மழை, தேய்க்காம ஜல்தியா கொண்டாந்துட்டேன். விழுப்புரத்துல தவளைக்கால் ஏத்துமதி பண்றவங்ககிட்ட இருந்தப்ப இப்படித்தான் தேய்ப்போம். வழவழன்னு இருந்தா வெட்டறப்ப கையில நிக்காது."

அம்மா அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். "அந்த வழவழப்புதான்யா எனக்கு வேணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

"தப்பு என்னுதுன்னு மறுபடி எழுதுங்கம்மா."

"தப்புன்னு எழுதினவ, அப்படி எழுதினதும் தப்புன்னு எழுதினா எவன் நம்புவான்?" என்று சிரித்தார்.

திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். மிச்சமிருந்த தவளைகளை அவரே வாய்க்காலில் விடப் போனார். திரும்புவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

அன்றிரவு விக்கிரவாண்டியில், லாரிகள் நிற்கும் சாப்பாட்டுக் கடை வாசலில் படுத்தேன். காலையில் கடைக்காரர் காலால் தட்டி எழுப்பினார்.

"இன்னாடா, வேலைக்கு வந்தியா, தூங்க வந்தியா? இன்னா தெரியும் உனக்கு?"

"நல்லா தேய்ப்பேங்க."

"அண்டாவெல்லாம் பின்னால கெடக்குது, போ."

கரி பிடித்த அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு சட்டி நிறையச் சாம்பல். சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன்.