விறகுப்பெட்டி மேல் உட்கார்ந்த வேஷம்

செலினா அத்தைக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருஷம் எங்கள் ஊர் மீன் ஆலையில் கத்தி பிடித்தவள். நாலு வீடு தள்ளி இருந்த தம்பி ஹெட்லியோடு பேச்சு நின்று பதின்மூன்று வருஷம். கடைசிக் காலத்தில் தாயை நகரத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பியது ஹெட்லி. அங்கேயே, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், கிழவி போய்ச் சேர்ந்தாள்.

கிறிஸ்துமஸ் தொட்டுப் பன்னிரண்டு நாள், எங்கள் நியூஃபவுண்ட்லாந்தில் யாரும் எந்த வீட்டுக்கும் வேஷம் போட்டுப் போகலாம். முகத்தில் துணி, உடம்பில் இரவல் கோட்டு. வீட்டுக்காரர் பேரைச் சரியாகச் சொன்னால் துணியை எடுத்தாக வேண்டும். சொல்லாதவரை உட்காரலாம்.

வருஷா வருஷம் ஒரு வேஷம் தனியாக வந்து அத்தையின் விறகுப்பெட்டி மேல் உட்காரும். முகத்தில் பூப்போட்ட ஜன்னல் திரை. பேசாது, கேக்கைத் தொடாது. வலது உள்ளங்கையால் இடது முழங்கையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அத்தை பிறந்த பென்னி குடும்பத்தில் எல்லோரும் உட்காருவது அப்படித்தான். ஹெட்லி என்று அத்தைக்குத் தெரியும். பேரை மட்டும் சொல்ல மாட்டாள். சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன ஜனவரியில், எங்கள் வீட்டின் முதல் பட்டத்தோடு நான் ஊர் திரும்பியிருந்தேன்.

"இந்தத் தடவை சொல்லிடப் போறேன்டா," என்றாள் அத்தை. "பேசாமலே நானும் போய்ச் சேந்துட்டா?"

"அவர் ரம் கேட்டா?"

"அதுக்குத்தான் உன்ன வாங்கிட்டு வரச் சொன்னேன். படிச்சவன் வாங்கினா தண்ணி கலந்திருக்காது."

பொழுது சாயும்போது அது வந்தது. உட்கார்ந்தது. வெளியே முழங்கால் அளவு பனி. அதன் பூட்ஸில் சொட்டு ஈரமில்லை.

"ஹெட்லி. போதும்டா. துணிய எடு."

அது மெதுவாகத் தலையை ஆட்டியது, இல்லை என்று. எழுந்து போய்விட்டது.

அத்தை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. வேஷமில்லாமல், மூச்சு வாங்க, ஹெட்லி.

"ஏன்க்கா, பேர் சொன்னதும் எழுந்து வந்துட்டே?"

"நான் எங்கடா வந்தேன்?"

"வருஷா வருஷம் என் அடுப்பு பக்கத்துல உக்கார்றது யாரு? இன்னிக்குத்தான் துணிஞ்சு, 'செலினா'ன்னு சொன்னேன்."

"நான் மத்தியானத்துலேருந்து இங்கதான் இருக்கேன். இவனக் கேளு."

நான் தலையசைத்தேன்.

"முகத்துல என்ன துணி?" என்று அத்தை கேட்டாள்.

"பூப்போட்ட திரை. அம்மா ரூம்ல..." ஹெட்லியின் குரல் தணிந்தது. "நான்தான் அதையும் அவங்க துணிப்பெட்டியில வச்சு அனுப்பினேன்."

அடுப்பில் விறகு சரிந்தது. பன்னிரண்டு நாளில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தன.

"நாளைக்கு வந்தா நீ பேரச் சொல்லு," என்றாள் அத்தை.

"நீதான் பெரியவ."

"அனுப்பினது நீ."

ஹெட்லி உட்கார இடம் தேடினார். விறகுப்பெட்டி மட்டும்தான் காலியாக இருந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.