இரட்டைப் பிள்ளைக்காரி வழித்த மணிக்கட்டு

நாகவல்லி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கைபிரஸ் ஓட்டினாள். இரும்புக் கைப்பிடியை வீசி இழுத்தால் தகட்டில் ஓட்டை விழும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் தகடு. கணவன் விட்டுப்போன பிறகு அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்த வலது கைதான் சோறு. ஆனாலும் குழாயடியில் எல்லோரையும் சிரிக்க வைப்பவள் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரியான நான் ஓரமாக நின்று கேட்பேன்.

தொண்ணூற்றொன்றில், மழைக்காலத்தில் ஒரு நாள், கைப்பிடி எதிர்ப்பக்கம் உதறி அவள் மணிக்கட்டை முறுக்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியவில்லை. அப்படியென்றால் சுளுக்குத்தான் என்று எல்லோருமாக முடிவு செய்து என்னிடம் அழைத்து வந்தார்கள்.

நான் இரட்டைப் பிள்ளை பெற்றவள். இரட்டை பெற்றவள் எண்ணெய் தொட்டு வழித்தால் சுளுக்கு விலகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஏழாம் வகுப்போடு நின்ற, நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என்னை மற்றவர்கள் தேடி வந்தது அதற்காக மட்டும்தான்.

"வழிச்சு உடுக்கா. நாளைக்கு மிஷின்ல குந்தணும்," என்று கையை என் மடியில் வைத்தாள்.

சுளுக்கு எனக்குத் தெரியும். விரலுக்கடியில் நரம்பு உருளும். இதில் உருளவில்லை. சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு எலும்பை ஒட்டி ஒரு சின்னக் குழி. அங்கே தொட்டதும் அவள் உதட்டைக் கடித்தாள். கையைத் திருப்பினால் உள்ளே ஏதோ மாட்டி விடுபட்டது. இது சுளுக்கு இல்லை என்று அப்போதே தோன்றியது. சுற்றி ஐந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்து, முறுக்கி வழித்தேன். 'டக்' என்று கேட்டது.

"உட்டுச்சு பாரு! ரெட்டைப் புள்ளக்காரி கைன்னா சும்மாவா?" என்றாள் எதிர்வீட்டு வசந்தா.

நான் சிரித்தேன். மறுநாளும் வழித்தேன். அதற்கு மறுநாளும்.

இரண்டு வாரத்தில் அவளால் கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் திருப்ப முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனேன். டாக்டர் அந்தக் குழியைத்தான் முதலில் அழுத்தினார். பிறகு நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றி எழச் சொன்னார். பாதி எழுந்தவள் அலறி உட்கார்ந்தாள். மூட்டுக்குள் ஊசியால் மருந்து ஏற்றி மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து போகக் கூடாத இடத்துக்கு ஒழுகியிருந்தது.

"எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும்மா. அது கிழிஞ்சிருக்கு. அடிபட்டதும் அசையாம வச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. யாரு போட்டு இழுத்தது?"

நான் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நானேதான் சார், வலி தாங்காம," என்றாள் நாகவல்லி, என்னைப் பார்க்காமல்.

முழங்கைக்கு மேல் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் அவளுக்குத் தண்ணீர் பிடித்தேன், அவள் மகளுக்குத் தலை பின்னினேன். "கூடப் பொறந்தவகூட இப்டி செய்யமாட்டா," என்று வசந்தா சொல்லும்போதெல்லாம் குடத்துக்குள் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

கட்டுப் பிரித்த அன்று வலி குறைந்திருந்தது. ஆனால் கைபிரஸ் இனிமேல் கூடாது என்றுவிட்டார் டாக்டர். திரும்பும் ரயிலில் சொன்னேன்: "சுளுக்கு இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும் நாகு. எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க, அதான் வழிச்சேன்."

அம்பத்தூரில் இறங்கும்போது கேட்டாள்: "தெரியலன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல இன்னாக்கா உனக்கு?"

அடுத்த வாரம் வசந்தா கால் பிசகிய தன் மாமியாரைக் குழாயடிக்கே கூட்டி வந்தாள்.

"எனக்குத் தெரியல. டாக்டருகிட்ட காட்டு," என்றேன்.

"திமிரப் பாரு ரெட்டைப் புள்ளக்காரிக்கு!"

நாகவல்லி இடது கையால் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அன்று அவள் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.