வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கு ஒரு சட்டி

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்து என் மனைவிக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கனம் தூக்கினால் இன்னும் நோகும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிற வெண்கலப் பானை அதனால் பரண்மேல் ஏறிவிட்டது. எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தாள். அடிபிடித்துத் தீய்ந்த வாடை வந்தது.

"தீஞ்சத அம்மனுக்கு எப்படிங்க வெக்கிறது? இனிமே வாழப்பழம் வெச்சுக் கும்பிட வேண்டியதுதான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி பஜாரில் பாத்திரக் கடைக்கு அழைத்துப் போனேன். கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். நான்ஸ்டிக் என்றால் ஒட்டாதாம், ஹார்டு அனோடைஸ்டு என்றால் நாள்பட உழைக்குமாம். எனக்கு இரண்டும் கருப்பாகத்தான் தெரிந்தன.

கடைக்காரர் முதலில் நான்ஸ்டிக் சட்டியைக் கொடுத்தார். அவள் வலது கையாலேயே தூக்கிப் பார்த்தாள். நோகவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. அம்மனே வழிகாட்டிவிட்டாள் என்று நான் நினைத்தபோது அவள் கடைக்காரரைக் கேட்டாள்.

"அண்ணே, இத புளி போட்டுத் தேய்க்கலாமா?"

"புளியா? இது இன்னா குத்துவிளக்காக்கா? ஸ்பாஞ்சுல நைசா தொடைக்கணும். கரண்டி கூட மரக் கரண்டிதான்."

சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மீனும் கருவாடும் வேகிற அடுப்பு. அதனால் சாமிக்குத் தனிப் பாத்திரம். வியாழக்கிழமை சாயங்காலம் அதை அழுத்தித் தேய்த்துக் கவிழ்த்தால்தான் அவளுக்கு வெள்ளிக்கிழமையே பிறக்கும். தடவிக் கொடுத்துக் கழுவின சட்டியில் நைவேத்தியம் வைக்க அவள் மனசு ஒப்பவில்லை.

அடுத்து ஹார்டு அனோடைஸ்டு. புளி வேண்டாம், ஆனால் நார் போட்டு நன்றாகத் தேய்க்கலாம், அடி கனமானது, சீக்கிரம் பிடிக்காது என்றார் கடைக்காரர். அவள் தூக்கினாள். வெறும் சட்டிக்கே மணிக்கட்டு நொந்தது. வீட்டுச் சாமிப் பாத்திரம்போல அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் திரும்ப வைத்தாள். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

"இதையே எடுத்துக்கலாம். வெண்கலப் பானய விட லேசு, தரையில வெச்சே தேய்ச்சுடலாம். நீ கிண்டு, நான் தூக்கிக்கிறேன்."

"உங்களுக்கு ஷிப்டு. அம்மன் பசியோட காத்துக்கினு இருக்குமா?"

"காலைல ஷிப்டுன்னா சாயங்காலம் வெப்போம். ஊட்டு ஆளு வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு, கேட்டுக்கும்."

"ஆமா, அம்மன் இவுருக்குச் சொந்தக்காரங்க பாரு" என்றாள். ஆனால் பையை விரித்துப் பிடித்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் பொங்கலுக்கு நேரம் என் ஷிப்டுதான். வேலை முடிந்து வந்து குளித்து விபூதி வைத்துக்கொண்டு நான் நிற்பேன். அவள் கிண்டி முடித்து, நெய் விட்டு, தள்ளி நிற்பாள். சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து இறக்கி, படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பேன். "சாயுது, சாயுது" என்று பின்னாலேயே வருவாள். சாய்ந்ததே இல்லை.

அவள் கை பூரணமாகக் குணமாக வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். குணமான பிறகும் இந்தத் தூக்குகிற வேலையை மட்டும் அவள் திருப்பிக் கேட்கக் கூடாது. அதையும் அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.