கொல்லிமலை ஏறிய ஓடுகள்

சேந்தமங்கலம் சந்தைச் சுவர் நான் எழுப்பியது. பாறையை உடைத்து மூன்று கிணறு, நிற்காது என்று இன்ஜினீயரே கைவிட்ட ஏரிக்கரை, எல்லாம் இந்தக் கை. படிப்பு மூன்றாம் வகுப்பு. நான் ஞானஸ்நானம் எடுத்த வருஷம் ஒருவரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. அந்த வருஷத்தில்தான் எனக்கென்று ஓட்டு வீடு கட்டிக்கொண்டேன். அப்படிப்பட்டவன் மலைக்கு ஓடு கொண்டுபோன கதை இது.

கொல்லிமலைமேல் வாழவந்தி நாட்டில் ஒரு சிற்றூர். அங்கே சடையன், வெள்ளச்சி என்ற தம்பதி மட்டும் என்னைப் போல வேதத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நான் சுவர் எழுப்பிக் கொடுத்த ஜெபவீட்டில் அவர்களே மூங்கிலில் வேய்ந்த புல்கூரையை யாரோ இரண்டு முறை கொளுத்திவிட்டார்கள். புல் எரியும். ஓடு எரியுமா?

விடியற்காலையில் புறப்பட்டோம். காரவள்ளி அடிவாரம் வரை மாட்டு வண்டி, வாடகை ஒரு ரூபாய்.

"ஏனுங்க மேஸ்திரி, மலையில ஓட்டு ஊடு ஆகாதுங்களே. சாமி குத்தம்னுவாங்க" என்றார் வண்டிக்காரர்.

"சாமியே வந்து சொல்லட்டுங்க, எறக்கி வெச்சர்றேன்."

அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. கூடை கூடையாக ஓடுகளை என் ஆட்கள் சுமந்தார்கள், நானும் சுமந்தேன். பாதி மலையில் பனி மூடி, முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. மிளகுக்கொடி படர்ந்த பலாமரங்களைத் தாண்டி, வெயில் சாயும் நேரத்தில் ஊரை அடைந்தோம். ஓர் ஓடுகூட உடையவில்லை.

ஓடுகளைத் தாங்க மரம் வேண்டுமே! மலையெல்லாம் மரம்தானே, வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து வந்திருந்தேன். அங்கோ ஊர்க்கவுண்டர் வாய் திறந்து சொல்லாமல் ஒருவரும் கூரைக்கு மரம் வெட்டக் கூடாது. வெட்டச் சொன்னால் ஊரே கூடி வந்து ஒரே பகலில் வேய்ந்து கொடுக்கும். அதுதான் வழக்கம்.

மறுநாள் காலை கவுண்டரே வந்தார். சடையனுக்குத் தாய்மாமன்.

"டேய் சடையா, மரம் தாரேன், ஆளுந் தாரேன். புதுச் சாமையைக் கோயில்ல வெச்சுக் கும்பிடு. அந்தப் புஸ்தகத்தை எங்கையில குடு. நீ ஒருத்தன் வெலகி நின்னா நாளைக்கு ஊரு நாலாப் போயிருமடா."

"மத்தது எது கேட்டாலும் தாரேன் மாமா. வேற சாமிய வணங்காதேன்னு அதுல இருக்குது. என்னால ஆகாதுங்க."

"அப்ப மழையில நனைஞ்சு சாவு."

வெள்ளச்சி வேதப் புத்தகத்தை மடியில் கட்டியிருந்தாள். பாதிரியார் வீட்டம்மாவிடம் எழுத்துக் கற்றவள், இரவுதோறும் புருஷனுக்கு வாசித்துக் காட்டுகிறவள். நேரே தன் குடிசைக்குப் போனாள். அடுப்புச் சட்டி, சாமைப் பானை, பாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள்.

"என்ன கண்ணு பண்றே?" என்றேன்.

"இது எங்க மாமனாரு போட்ட மரமுங்க. இதப் பிரிக்க யாரையுங் கேக்க வேண்டியதில்லீங்க. பிரிங்க மேஸ்திரி."

சடையன் அவளை ஒரு பார்வை பார்த்தான். உடனே கூரைமேல் ஏறி கூரைக் கயிற்றின் முதல் முடிச்சை அவனே அறுத்தான்.

கவுண்டர் சிரித்தார். "குடியிருந்த ஊட்டப் பிரிச்சுட்டு எங்கடா படுப்பே?"

"எங்க சாமி ஊட்டுலதானுங்க மாமா. வாடகை கேக்க மாட்டாரு."

என் ஆட்களே சிரித்துவிட்டார்கள். கவுண்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு போய்விட்டார். பொழுது சாயுமுன் அந்த மரங்களை ஜெபவீட்டுச் சுவர்மேல் ஏற்றி ஓடுகளை அடுக்கி முடித்தேன். இரவில் மழை ஊற்றியது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. வெள்ளச்சி கால் நீட்டி உட்கார்ந்து வாசித்தாள். அவர்கள் வளர்த்த ஆட்டுக்குட்டியும் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

காலையில் இறங்கினேன். என் வீட்டுக் கூரையும் ஓடுதான், காசு கொடுத்து வாங்கிய மரம்தான். குடியிருந்த வீட்டைப் பிரித்து எடுத்த மரம் அதில் ஒன்றுகூட இல்லை.

இப்போது சபையார் அந்த ஜெபவீட்டில் கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். பாதிரியார் பேர் மட்டும் இருக்குமாம். ஆகாது. மரம் சடையன், வெள்ளச்சியுடையது என்று முதலில் வெட்டுங்கள். அதற்குக் கீழே, சுவரும் ஓடும் சேந்தமங்கலம் மேஸ்திரியுடையது என்று என் பேரை வெட்டுங்கள். கல்லை நானே சுமந்து வருகிறேன்.