பகலில் தூங்குகிறவர்களுக்கு நான் வைத்த ஜன்னல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சம் இல்லை. தண்டலத்துப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிக் கிடந்த காலி மனையில் வாடகைக்கு நான்கு அறைகள் கட்டப் பிளான் போடச் சொன்னார் அப்பா. அவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கேண்டீனில் காய் நறுக்கும் வேலை. எழுத்து என்று அவருக்குத் தெரிந்தது தன் கையெழுத்து மட்டும்தான். நான் கோடு இழுக்க இழுக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேல் நகராமல் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. தென்காசி, சிவகங்கை, ராமநாதபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் பெட்டியும் பாயுமாக வந்து இறங்கினார்கள். டீக்கடையில் நின்று, "இங்க ரூம் கெடைக்குமாண்ணே?" என்று அவர்கள் கேட்கும் குரல் எங்கள் வாசல் வரை வரும்.

ஒவ்வொரு அறைக்கும் கிழக்கே ஒரு பெரிய ஜன்னல் வைத்தேன். நான் வளர்ந்தது பகலிலும் பல்பு போட வேண்டிய வீட்டில். வெளிச்சமான அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். அதனால் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அளவைவிடக் கொஞ்சம் கூடவே வைத்தேன். கட்ட வந்த மேஸ்திரி பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, ரூம் கட்டப் போறியா, ஷோரூம் கட்டப் போறியா?"

"படிச்ச பொண்ணு போட்டது. அதும்படி கட்டுபா," என்றார் அப்பா.

ஒரே வாரத்தில் அறைகள் நிரம்பின. வாசலில் வரிசையாகச் செருப்புகள், கொடி முழுக்க ஒரே நிறத்துச் சீருடைகள், ஏதாவது ஒரு அறையில் எப்போதும் எஃப்.எம். பாட்டு. கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் பின்னலை வாயில் கவ்விக்கொண்டு ரப்பர் பேண்ட் தேடியபடி ஓடுவார்கள். அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்த வயது திரும்பிவிடுகிறது. அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. ரசம், மோர், காபி என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தபடியே இருப்பார்.

இரண்டாம் மாதம் முடிவதற்குள் இரண்டு அறைகள் காலியாகின.

"பஸ் நிக்கிற எடம் கொஞ்சம் தூரமா இருக்குக்கா," என்று சொல்லிப் போனார்கள். எங்கள் கேட்டில் நின்றால் பஸ் நிறுத்தம் கண்ணுக்குத் தெரியும். அவர்கள் போய்ச் சேர்ந்தது ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரிசைக்கு. நான் போய்ப் பார்த்தேன். சுவரில் கையகல ஓட்டைதான் ஜன்னல். என் அறையை விட்டு இந்த இருட்டுக்கு ஏன் வந்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

மூன்றாவது அறையும் காலி செய்யப்போவதாகச் சொன்ன அன்று அப்பா சொன்னார்: "ஒரு காண்ட்ராக்டர் பெயிண்ட் டப்பா அடுக்க குடோன் கேட்டுக்கினு கீறாரு. பொங்கல் வரைக்கும் பாக்கலாம். அப்புறம் மொத்தமா அவராண்ட சாவியக் குடுத்துட்டு, நீயும் எதுனா கம்பெனில சேந்துக்கோ." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வரைந்த முதல் கட்டடம் பெயிண்ட் டப்பாவுக்குப் போகப்போகிறது.

படித்தவள் செய்கிற காரியத்தைத்தான் செய்தேன். பத்துக் கேள்விகள் எழுதி, ஸ்ரீபெரும்புதூர் போய் ஜெராக்ஸ் எடுத்து, மீதமிருந்த இரண்டு அறைகளுக்கும் கொடுத்தேன். காற்று வருகிறதா? வெளிச்சம் போதுமா? வீட்டுக்காரர்கள் அன்பாக நடந்துகொள்கிறார்களா? எட்டுத் தாள்களும் மறுநாளே திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் 'மிகவும் நன்று'. பெருமையாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஐந்தாவது தாளில்தான் கவனித்தேன், எல்லாம் ஒரே கையெழுத்து.

கடைசி அறையில் இருந்த தென்காசிப் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

"எங்கள்ல எனக்குத்தான் எழுத்து முத்து முத்தா இருக்கும்க்கா. அதான் எல்லாருக்கும் நானே எழுதிட்டேன்," என்றாள்.

"நல்லா இருந்தா அப்புறம் ஏன் எல்லாரும் போறாங்க?"

அவள் பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

அந்த வாரம் அவர்களுக்கு இரவு ஷிப்ட். மறுநாள் காலை பஸ் இறங்கி வந்தபோது, அன்று பகல் முழுக்க அவர்களோடு இருக்கிறேன் என்றேன். "எங்க குறட்டையக் கேக்கவாக்கா?" என்று சிரித்தார்கள். குளித்து, துவைத்து, சமைத்துச் சாப்பிட்டு அவர்கள் படுக்கும்போது மணி பத்து. நானும் ஒரு பாயில் படுத்தேன்.

வெயில் என் ஜன்னல் வழியாக நேராக முகத்தில் இறங்கியது. ஒருத்தி கம்பியில் ஈரச் சேலையைக் கட்டினாள். ஒருத்தி துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டாள். தென்காசிப் பெண் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, தலையை மட்டும் அதற்குள் நுழைத்துப் படுத்தாள். அந்த அறையிலேயே இருட்டான இடம் அதுதான். தினமும் படுக்கிற இடம் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஒரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. "பொண்ணுங்களா, வெறும் வயித்துல தூங்காதீங்க, ரசம் சோறு கொண்ணாந்துகீறேன்." அம்மாவின் குரல். நான்கு பேரும் எழுந்து, சிவந்த கண்ணோடு சிரித்து வாங்கிக்கொண்டார்கள். ஆறு மணிக்கு மறுபடியும் தட்டினார். "வெளக்கு வெக்கிற நேரம், எழுந்துருங்க. காபி கீது." விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்கள் படுத்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அம்மாவின் கணக்கு.

அம்மா போன பிறகு தென்காசிப் பெண்ணைப் பார்த்தேன்.

"கோவப்பட மாட்டீங்கள்லா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "லைன்ல நின்னுக்கிட்டே தூங்குதேன்க்கா. நேத்து சூப்பர்வைசர் ரெண்டு வாட்டி தட்டி எழுப்புனாரு. ஒங்கம்மா தெய்வம் மாதிரி. அவங்ககிட்டப் போயி தட்டாதீங்கன்னு எப்படிச் சொல்ல? ரூம மாத்துறது சுளுவு."

எனக்கு முகம் சுட்டது. வெளிச்சம் போதுமா என்று கேட்டவள், தூங்க முடிகிறதா என்று கேட்கவே இல்லை.

இப்போது விடுதிகளுக்குப் பிளான் போடுவதுதான் என் தொழில். புதிதாக மெஸ்ஸோ தையலகமோ தொடங்கும் பெண்கள் யோசனை கேட்டு வந்தால், உங்களிடம் வாங்கப்போகிறவளோடு ஒரு முழு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்பேன். அவளிடம் கேட்டால் நம் மனம் நோகாத பதில்தான் வரும். சிலர் நான் ஏதோ தட்டிக்கழிப்பதாக நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அன்று இரவே இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சோறு போட்டது தப்பாடி?"

"சோறு தப்பு இல்லமா. எழுப்பறதுதான்."

"வெளக்கு வெக்கிற நேரத்துல தூங்கலாமா?"

"அவங்களுக்கு அதுதான்மா விடிகாலை."

இரண்டு நாள் அம்மா அந்த அறைகள் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், மூடி போட்ட பாத்திரம் ஒன்று தட்டாமலே அந்தக் கதவருகில் இருந்தது.

மேஸ்திரி திரும்பி வந்தார். ஜன்னல்களில் மேலே ஒரு முழம் விட்டு மீதியைச் செங்கல்லால் அடைக்கச் சொன்னேன். "ஷோரூம் மூடியாச்சா?" என்றார். அவர் கல்லை வைக்க வைக்க என் கண் கலங்கியது உண்மை. வேறு வேறு ஷிப்டுக்குப் போகிறவர்களை ஒரே அறையில் போடாமல் பிரித்தும் வைத்தேன்.

காலி செய்வதாகச் சொன்ன மூன்றாவது அறைப் பெண்கள் பெட்டியைப் பிரித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் போனவர்களில் இருவர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, மறு வாரம் தங்கள் தோழிகளையும் கூட்டிவந்தார்கள். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நண்பகலில் காண்ட்ராக்டர் வந்து வாசலில் நின்று உரக்கப் பேச ஆரம்பித்தார். அப்பா அவரைத் தோளைப் பிடித்துத் தெருவுக்கே கூட்டிப்போனார்.

"மெதுவா பேசுப்பா. உள்ள பசங்க தூங்குது. குடோன் வேற எங்கனா பாத்துக்கோ."

அன்று மாலை தென்காசிப் பெண் ஒரு தாளோடு வந்தாள். முத்து முத்தான அதே எழுத்து. பாத்ரூம் தாழ்ப்பாள் விழவில்லை. கொடி போதவில்லை. கிரைண்டரைப் பகலில் ஓட்ட வேண்டாம். ஆணி அடிக்க விட வேண்டும். கீழே நான்கு அறையாரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"நெறைய எழுதிட்டோமாக்கா?"

"இல்ல, உக்காரு," என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன்.