என் படத்தைப் பிளெக்ஸில் போட்ட தாளாளருக்கு

தாளாளர் அவர்களே, நீங்கள் எங்களுக்குப் பதினொன்றாம் வகுப்பை நடத்தவே இல்லை. நாமக்கல்லில் உங்கள் விடுதிப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தீர்கள். இரண்டு வருடமும் அதே புத்தகம்தான். ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. செய்முறை நோட்டைக் கரும்பலகையைப் பார்த்து எழுதினோம். முழு மதிப்பெண் வாங்கினோம்.

இப்போது ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். இங்கே பேராசிரியரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. நான் செய்வது கிராஃபீன் சவ்வு, அதாவது ஓர் அணு கனமே உள்ள கரித்தாள். உப்புநீரை வடிகட்ட அது உதவுமா என்று பார்க்கிறோம். செப்புத் தகட்டின் மேல் வளர்த்து, பிடிமானத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் பூசி, செம்பைக் கரைத்துவிட்டால் தாள் தண்ணீரில் மிதக்கும். அதைச் சிலிக்கான் துண்டால் சாய்வாக ஏந்தித் தூக்க வேண்டும். கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். கைக்குத்தான் ஒன்றும் தெரியாது. கல்லூரியிலும் ஒரு மேசைக்குப் பத்துப் பேர். முன்னால் நின்றவன் செய்தான், நான் குறித்துக்கொண்டேன்.

ஆய்வகப் பொறுப்பாளர் இங்கிரிட், பள்ளியில் செய்முறை செய்திருக்கிறாயா என்று கேட்டார். முழு மதிப்பெண் என்றேன். கை பழகியவள் என்று எடுத்துக்கொண்டு என்னைத் தனியே விட்டுவிட்டார். தூக்கிய தாளெல்லாம் கிழிந்தது. இப்படியே போனால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒருநாள் நான் சிலிக்கான் துண்டைப் பிடிக்கும் இடுக்கியைக் கரண்டி மாதிரி கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்ததை அவர் பார்த்தார். சிரிக்கவில்லை. நான் தூக்கிப் பழக வீணான தாள்களைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கை நடுங்கினால் நடுங்கட்டும். தண்ணீருக்கு அவசரம் இல்லை" என்றார். வாரக்கணக்கில் உட்கார்ந்தார். அந்த அம்மாளுக்கு என் சொந்தக்காரர்களுக்குப் பட்டதைவிட அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

முதல் தாள் கிழியாமல் வந்த அன்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் லாரிப் பட்டறையில் பாடி கட்டுகிறவர்.

"கண்ணுக்கே தெரியாததையா தூக்குன? அப்ப நீ காத்துக்குப் பாடி கட்டறயா சாமி?" என்றார்.

உங்களுக்கும் நன்றி உண்டு, மறைக்கவில்லை. நீங்கள் வாங்கித் தந்த மதிப்பெண் இல்லாமல் எனக்குக் கல்லூரியே இல்லை. அந்த நன்றியால்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் அக்கா பேசினாள்.

"உன்ற போட்டோவப் பெருசாப் போட்டு, எங்க மாணவி, வெளிநாட்டு விஞ்ஞானின்னு பஸ் ஸ்டாண்டுல கட்டியிருக்கறாங்க. அதப் பாத்துப்போட்டு எங்கூட்டுக்காரரு கீர்த்தனாவ அங்கயே சேத்தலாம்ங்கறாரு. நீ என்ன சொல்ற?"

கீர்த்தனா அவள் மகள். இப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். என்னைக் கேட்காமல் என் முகத்தை வைத்து அவளைக் கூப்பிடுகிறீர்கள். வேண்டாம் என்று அக்காவிடம் சொல்வது எனக்குச் சுலபம். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

அதனால் நீங்களே சொல்லுங்கள். சேர்க்கைக் கூட்டத்தில், பெற்றோர் முன்னால், மைக்கில் சொல்லுங்கள். இந்த வருடம் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்துவீர்களா, மாட்டீர்களா? ஆய்வகத்தைத் திறந்து பிள்ளைகளைத் தொடவிடுவீர்களா, மாட்டீர்களா? என் அக்காவும் மாமாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.